அடிமண்டி

வீதியில் ஒரு பேருந்து பழுதடைந்து நின்றுவிட்டால் பயணிகள் இறங்கி மரநிழலில் ஒதுங்குவர். அடுத்த பேருந்து வரும்வரை அரசியல் பேசுவர். வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். கடலின் நியதி வேறு. அங்கு இயந்திரம் நின்றால் நிற்பது இயந்திரம் மட்டுமே, படகு நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் அக்கணமே அதனைத் தம் உடைமையாக்கிக் கொள்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையைப் பொறுத்தவரை இவ்வச்சத்துக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அங்கு வீசும் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் செத்த படகை அது வடக்கே தள்ளிச் செல்லும். வடக்கே, பாக்கு நீரிணையின் நடுவே, 1974 இல் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டு வரைந்த கடல் எல்லை கிடக்கின்றது. அலையின்மேல் அக்கோடு எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆயின் அதனைக் கடந்து அகப்பட்டவர்க்கு விசாரணையும் வழக்கும் மறியலும் காத்திருக்கும். படகு எந்நாள் மீளும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் ஒரு குழாயில் அடைத்துக்கொண்ட சிறு அழுக்கு ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றிவிடக்கூடும் என்பது இக்கரையில் மிகைக் கூற்று ஆகாது.

மயிலிட்டித் துறையில் ஒரு சம்மாட்டியாருக்கு அவ்வாறான ஒரு சோதனை நேர்ந்தது. 1990 இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவர் பள்ளிச் சிறுவன். 2017 இல் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது நரை கண்ட நடுவயதினர். இருபத்தேழு ஆண்டுகள் பிறர் துறைகளில், பிறர் படகுகளில் கூலிக்குத் தொழில் செய்தவர், ஊர் திரும்பியதும் சொந்தப் படகு வேண்டுமென்று உறுதி கொண்டார். மனைவியின் தாலிக்கொடி ஒழிந்த நகைகள் யாவும் அடைவுக்குப் போயின. மீன் வாங்கும் முதலாளியொருவரிடம் முற்பணம் பெறப்பட்டது. அம்முற்பணம் தீரும்வரை பிடிபடும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். இவ்வாறு வாங்கப்பட்டது பழைய இருபத்தெட்டு அடிப் படகு ஒன்று.

இருபத்தெட்டு அடி நீளமான, மூன்றரைத் தொன் படகு என்று கரையில் அழைக்கப்படும் இவ்வினம், 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் கரைகளெங்கும் பரவியது. படகின் வயிற்றினுள்ளே டீசல் இயந்திரம் அமர்ந்திருக்க, அதன் தண்டு பின்புறமாக நீருக்குள் சென்று விசிறியைச் சுழற்றும். இதனை உள்ளிணைப்பு இயந்திரம் என்பர். பின்னணியத்தில் மாட்டிக் கழற்றும் வெளியிணைப்பு இயந்திரத்தைத் தோளில் சுமந்து பட்டறைக்குக் கொண்டு செல்லலாம். உள்ளிணைப்பு இயந்திரத்தை அவ்வாறு சுமத்தல் இயலாது. வைத்தியர்தான் நோயாளியிடம் வரவேண்டும்.

நோயின் வரலாறு இது. ஒரு மாதத்துள் மூன்று முறை இயந்திரம் நடுக்கடலில் நின்றது. முதன்முறை வந்த மெக்கானிக் வடிகட்டியை மாற்றினார். இரண்டு நாள் ஓடிற்று, பின்னர் நின்றது. இரண்டாமவர் தெளிப்பு முனைகளை, அதாவது துறையில் எல்லோரும் ‘நொசில்’ என்று சொல்பவற்றை, கழற்றிப் புதியன மாற்றினார். அவ்வாரம் முழுவதும் கடல் குளம்போற் கிடந்தது. இயந்திரமும் குறையின்றி ஓடிற்று. கடலின் அமைதியைத் தம் திருத்தத்தின் வெற்றியென எல்லோரும் எண்ணிக்கொண்டனர். காற்று எழுந்த முதல் இரவிலேயே இயந்திரம் மூன்றாம் முறை நின்றது. அன்று படகிலிருந்த நால்வரும் நங்கூரக் கயிற்றின் முழு நீளத்தையும் விட்டு, அது நிலம் பிடிக்கும்வரை நெஞ்சு பதைக்கக் காத்திருந்தனர். விடியற்புறம் அவ்வழி வந்த வேறொரு படகு அவர்களைக் கட்டியிழுத்துக் கரை சேர்த்தது. அப்படகின் அன்றைய தொழிலும் கெட்டது.

மூன்றாவது தீர்ப்பு நகரத்துப் பட்டறையொன்றிலிருந்து வந்தது. அமுக்கப் பம்பி பழுதாம். அதனைக் கழற்றியனுப்பி முழுவதும் பிரித்துத் திருத்தவேண்டுமாம். செலவு ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் குறையாதாம். சம்மாட்டியார் மீண்டும் முதலாளியின் படியேற ஆயத்தமானார். முன்னைய முற்பணமே தீராத நிலையில் இரண்டாம் முற்பணம் என்பது இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தம் மீனுக்குத் தாம் விலை சொல்ல முடியாத நிலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மகன், படிப்பை விட்டு வேலை தேடுவதாகச் சொன்னதும் அவ்விரவிலேதான்.

அப்போதுதான் அயலவரொருவர் காரைநகர்ப் பெரியவரை நினைவூட்டினார்.

பெரியவர் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவரல்லர். நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் உருவான சீநோர்ப் படகுத்தளம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டிய 1970களில், பதினாறு வயதில் எடுபிடி வேலைக்கெனச் சேர்ந்து, இயந்திரங்களின் அருகே நின்று தொழில் பழகியவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோலும் டீசலும் கிடைத்தற்கரிய பொருள்களாயிருந்தன. மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள்கள் ஓடிய அந்த ஆண்டுகளில், எந்த இயந்திரம் எந்த எண்ணெயை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர். அவருடைய கைகளின் அறிவு எந்த ஏட்டிலும் பதியப்பட்டதன்று.

அவர் வந்த அன்று ஆயுதப் பெட்டியைத் திறக்கவில்லை. இயந்திரத்தின் மூடிப் பலகைமேல் அமர்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே வினாத் தொடுத்தார்.

“எத்தினை மணித்தியாலம் ஓடினாப் பிறகு நிக்குது தம்பி?”

“கணக்கில்லை அண்ணை. துறைக்கை விட்டா நாள் முழுக்க ஓடும். வெளிக்கடலிலைதான் நிக்குது.”

“கடல் எப்பிடி இருக்கேக்கை?”

“எழும்பின கடல்தான்.”

“நிண்டாப் பிறகு திரும்ப எடுக்குமோ?”

“அரை மணித்தியாலம் விட்டா எடுக்கும். கொஞ்சம் ஓடிப்போட்டுத் திரும்பவும் நிக்கும்.”

பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர் சொன்னார்: “தம்பி, பம் பழுதெண்டா அது கடலைப் பாத்து நிக்காது. துறைக்கையும் நிக்கும்.”

ஒன்றரை இலட்சம் ரூபாத் தீர்ப்பு அந்த ஒரு வாக்கியத்திலே ஆட்டம் கண்டது. எனினும் வாக்கியத்தை நம்பிப் படகைக் கடலுக்கு விட முடியாது. அதனை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் டீசல் இயந்திரத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் பொருத்தமாகும். பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைக் கொளுத்துவது தீப்பொறி. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உருளையினுள் வளி மிகுதியாக அமுக்கப்படுகின்றது. அவ்வமுக்கத்தால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கும் மேலே செல்கின்றது. அவ்வேளையில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1892 இல் இக்கருத்துக்கு ஆக்கவுரிமை கோரினார். 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரில் அது செம்மையாக இயங்கும் இயந்திரமாயிற்று. உலகின் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உயிர் கொடுத்த அம்மனிதர் 1913 இல் இங்கிலாந்தை நோக்கிச் சென்ற கப்பலொன்றிலிருந்து இரவோடிரவாகக் காணாமற் போனார். பின்னர் அவருடைய உடல் கடலிலேயே கண்டெடுக்கப்பட்டது.

தீப்பொறி வேண்டாத இவ்வியந்திரம் முதன்மையாகக் கேட்பது தூய எரிபொருளே. டீசல் தாங்கியிலிருந்து உறிஞ்சு குழாய் வழியே புறப்பட்டு, நீர் பிரிக்கும் கிண்ணத்தைக் கடந்து, ஊட்டற் பம்பியால் இழுக்கப்பட்டு, நுண்வடிகட்டியினூடாக அமுக்கப் பம்பியை அடைகின்றது. அங்கிருந்து வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கத்தோடு நொசிலுக்குச் செல்கின்றது. எஞ்சியது மீள்குழாயால் தாங்கிக்கே திரும்புகின்றது. இப்பாதையில் பகைவர் மூவர்: அழுக்கு, நீர், வளி.

அழுக்கு வழியை அடைக்கும். நீர், டீசலின் வழுக்குந் தன்மையை நம்பியியங்கும் பம்பியின் நுண்ணுறுப்புகளைத் தேய்த்துத் துருவேற்றும்; நொசிலின் நுனியையும் கெடுக்கும். வளியின் செயல் இன்னும் நுட்பமானது. திரவத்தை அமுக்கினால் அது அவ்வமுக்கத்தை அப்படியே முன்னே கடத்தும். வளியை அமுக்கினால் அது சுருங்கிக்கொண்டே போகும். அமுக்கப் பம்பியினுள் வளி புகுந்துவிட்டால் பம்பி அதனைச் சுருக்கும், விடும், மீண்டும் சுருக்கும். நொசில் திறக்காது. இதனையே கரையில் ‘எயர் பிடிச்சிட்டுது’ என்பர்.

பழுது பார்ப்போர் பலர் இடறும் இடமும் இதுவே. பம்பிக்கு அப்பாலுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணால் காணலாம். தாங்கிக்கும் ஊட்டற் பம்பிக்கும் இடையிலோ இழுவையே நிகழ்கின்றது. அங்கு மயிரிழை வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராது. வளி உள்ளே போகும். குழாயின் புறம் உலர்ந்தும் துப்புரவாயும் இருக்கும். கசியாத கசிவு என்று அதனைப் பெரியவர் சொல்வார். முன்னொருகால் ஒரு படகில் ஆறு நாள் தேடியும் அகப்படாத அத்தகைய கசிவை, குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீசைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்ததாகவும், கிரீஸ் வழியடைத்த இணைப்பிலே இயந்திரம் சீராகிற்று என்றும் மகனுக்குச் சொன்னார்.

மூன்று பகைவருள் எவர் என்பதே கேள்வி. பெரியவர் தாங்கியிலிருந்து தொடங்கினார். எண்ணெய் பயணம் செய்யும் திசையிலேதான் தேடலும் பயணம் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை.

முதலில் தாங்கியின் மூச்சுக்குழாய். எண்ணெய் வெளியேற வெளியேற அவ்விடத்தை நிரப்ப வளி உள்ளே வரவேண்டும். அவ்வழி அடைபட்டால் தாங்கியினுள் வெற்றிடம் வளர்ந்து, பம்பி இழுத்தும் எண்ணெய் வராத நிலை ஏற்படும். சற்றுநேரம் விட்டால் மீண்டும் ஓடும். குளவி கட்டிய மண்கூடு ஒன்றே இதற்குப் போதுமானது. சம்மாட்டியார் சொன்ன குறிகளுக்கும் இது பொருந்துவதே. பெரியவர் மெல்லிய கம்பியைச் செலுத்திப் பார்த்தார். வழி திறந்தே இருந்தது. ஐயம் ஒன்று கழிந்தது.

அடுத்து, நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வெற்றுக் கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடித்தார். போத்தலை வெயிலுக்கு எதிரே நிறுத்தினார். சில நிமிடங்களில் மேலே பொன்னிறமும் கீழே நிறமற்ற நீருமாகப் பிரிந்தது. இடைக்கோட்டில் கரிய துகள்கள் மிதந்தன. வடிகட்டியைத் திறந்தார். மாற்றி மூன்று வாரம் ஆகாத வடிகட்டி கறுத்துக் கிடந்தது.

“பில்டர்தானே பழுது, பெரியப்பா?” என்றான் மகன்.

“பில்டர் தன்ரை வேலையைச் செய்திருக்கு மோனை. கள்ளனைப் பிடிச்சு வைச்சிருக்கிறவனைக் கள்ளன் எண்டு சொல்லக்கூடாது.”

வடிகட்டி குற்றவாளியன்று; சாட்சி. முதலாவது மெக்கானிக் சாட்சியை மாற்றிவிட்டுச் சென்றிருந்தார்.

மூன்றாவது பரிசோதனை மிக எளியது. துப்புரவான இருபது லீற்றர்க் கான் ஒன்றில் வடித்தெடுத்த டீசலை நிரப்பி, இயந்திரத்திலும் உயரமாகக் கட்டித் தொங்கவிட்டனர். படகின் தாங்கியையும் அதன் குழாயையும் விலக்கிவிட்டு, கானிலிருந்து நேரே புதிய வடிகட்டியினூடாக இயந்திரத்துக்கு எண்ணெய் விடப்பட்டது. படகை இறங்குதுறையிற் கயிறுகளால் இறுகக் கட்டி, கியரில் போட்டு, சுமை ஏற்றி ஒன்றரை மணித்தியாலம் ஓடவிட்டனர். கயிறுகள் முறுக்கேறித் துடித்தன. பின்னணியத்தில் நீர் நுரைத்தது. இயந்திரத்தின் குரல் மாறவில்லை. அமுக்கப் பம்பியும் நொசில்களும் குற்றமற்றவை என்பது ஏறக்குறைய உறுதியாயிற்று. குறையேதும் இருப்பின் அது கானினால் விலக்கப்பட்ட பகுதியிலே, அதாவது தாங்கியிலும் அதன் குழாயிலுமே இருத்தல் வேண்டும். நீண்ட பாதையை இரண்டாக வெட்டி, எந்தப் பாதியில் நோய் என்று காணும் இம்முறைக்குச் செலவான பணம் கான் எண்ணெயின் விலை மட்டுமே.

ஆயினும் படகின் தாங்கியையே மீண்டும் இணைத்தபோது, அப்போதும் இயந்திரம் குறையின்றி ஓடிற்று. சம்மாட்டியாரின் முகம் வாடியது. பெரியவர் சிரித்தார். துறையில் ஓடும் என்பதுதான் முன்பே தெரிந்த செய்தி. கடலுக்குப் போய்ச் சோதிப்பது ஆபத்து. எனவே கடலைத் துறைக்குக் கொண்டுவரவேண்டும் என்றார்.

தாங்கிக்கும் நீர்க் கிண்ணத்துக்கும் இடையே ஒரு முழ நீளமான, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்ரிக் குழாய் பொருத்தப்பட்டது. வளி புகுந்தால் அதிற் குமிழிகள் தெரியும். அடைப்பானால் ஓட்டம் தளரும். பின்னர் துறையில் நின்ற இளைஞர் எண்மர் அழைக்கப்பட்டனர். இடப்புறம் நால்வர், வலப்புறம் நால்வர் நின்று, மாறிமாறிப் பாரம் கொடுத்துப் படகை உலுக்கினர். சிறுவர்கள் கூடி ஆரவாரித்தனர். படகு தொட்டிலாயிற்று. மகன் குழாயிற் கண்பதித்திருந்தான். முதலில் பொன்னிறமாக ஓடிய எண்ணெய் மங்கியது. கரிய நூல்கள் போன்றவை விரைந்து சென்றன. குமிழி ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பது அல்லது பத்து நிமிடங்களின்பின் ஓட்டம் மெலிந்தது. இயந்திரம் ஒருமுறை இருமித் தன் வேகத்தை இழந்து, நின்றது.

இறங்குதுறையில் எழுந்த ஆரவாரம் வெற்றி முழக்கம்போல் இருந்தது. இயந்திரம் நின்றதற்காக அத்துறையில் மனிதர் மகிழ்ந்தது அன்றொரு நாளாகத்தான் இருக்கும்.

உறிஞ்சு குழாயைத் தாங்கியிலிருந்து உருவியெடுத்தனர். அதன் அடிநுனியில் இருந்த கம்பிவலை தெரியவில்லை. கரிய, வழுவழுப்பான, சேறும் பாசியும் கலந்தாற்போன்ற பண்டம் அதனை மூடியிருந்தது. நோயின் குறிகள் யாவும் அப்போது ஒழுங்குபெற்றன. துறையின் அமைதியில் அச்சேறு தாங்கியின் அடியிலே உறங்கும். எண்ணெய் மேலே தெளிந்து ஓடும். வெளிக்கடலில் படகு உருளும்போது சேறு கலங்கியெழும். இழுவையால் வலையில் அப்பிக்கொள்ளும். இயந்திரம் பட்டினியால் நிற்கும். நின்றபின் இழுவை இல்லை. அரைமணி நேரத்தில் சேறு தானே கழன்று விழும். இயந்திரம் மீண்டும் எடுக்கும். கடல் கொந்தளிக்கும் வேளையிலேயே, இயந்திரம் மிகத் தேவைப்படும் வேளையிலேயே அது கைவிடுவது விதியின் சதியன்று. அடிமண்டியின் இயல்பு அதுவே.

தாங்கியை முழுவதும் இறைத்தபோது அடியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மண்டி கிடந்தது. “இது எங்காலை வந்தது தம்பி?” என்று பெரியவர் கேட்டார். அவ்வினாவுக்கு விடை கூற எவருக்கும் இயந்திர அறிவு தேவைப்படவில்லை.

2022 தொடக்கத்தில் இந்நாட்டில் டீசல் ஒரு லீற்றரின் விலை 121 ரூபா. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அது 460 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைக்கவில்லை, எரிபொருள் நிலையங்களின்முன் மனிதர் நாட்கணக்கில் வரிசையிற் காத்துக் கிடந்தனர். சம்மாட்டியாருக்கோ பதற்றம் இரட்டிப்பானது. தடைக்காலத்தைப் பிள்ளைப் பருவத்தில் கண்டவர்க்கு எண்ணெய் என்பது என்றும் தீர்ந்துபோகக்கூடிய ஒன்று. கிடைத்த போதெல்லாம் ஐந்தும் பத்துமாக வாங்கி, வீட்டின் பின்புறத்தில் பழைய இரும்புப் பரலொன்றில் சேர்த்தார். பரலின் உட்புறம் துருப்பிடித்திருந்தது. மூடியும் இறுகவில்லை, மாரி மழை அதனுள் இறங்கியது. அவ்வெண்ணெயைப் பழஞ்சீலையால் வடித்தே தாங்கியில் ஊற்றினார். சீலை துருவின் பெருந்துகள்களைத் தடுத்தது. நீரையும் நுண்துகளையும் அது தடுக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அது இன்றும் தீரவில்லை. கடன்பட்டவர் தாங்கியை நிரப்புவதில்லை. அன்றைய பயணத்துக்குப் போதுமான அளவே வாங்குவர். தாங்கியின் வெறும்பகுதியை ஈரமான கடல்வளி நிரப்பும். இரவில் தாங்கியின் சுவர்கள் குளிரும்போது அவ்வீரம் வியர்வைபோற் படிந்து, துளித்துளியாக இறங்கி, டீசலிலும் பாரங் கூடியதாதலால் அடிக்குச் சென்று தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் அம்மெல்லிய எல்லையில் நுண்ணங்கிகள் குடியேறிப் பெருகும். அவற்றின் உயிருள்ளனவும் இறந்தனவும் சேர்ந்ததே அக்கரிய வழுவழுப்பு. அன்றியும், குறைந்த எண்ணெயுள்ள தாங்கி உருளும்போது உறிஞ்சு குழாயின் நுனி வெளிப்பட்டு வளியையும் உறிஞ்சக்கூடும். வறுமை இயந்திரத்தை இருவழியாலும் வருத்துகின்றது.

ஆகவே பழுதின் பாதையைப் பின்னோக்கிச் சென்றால், அது வடிகட்டியோடு நிற்கவில்லை, தாங்கியோடும் நிற்கவில்லை. பரலுக்கும், பரலிலிருந்து வரிசைக்கும், வரிசையிலிருந்து ஒரு நாட்டின் வெறுமையான கருவூலத்துக்கும், பின்னும் ஒரு சிறுவன் கண்ட தடைக்காலத்துக்கும் சென்றது. ஒரு தேசத்தின் துன்பங்கள் செய்தித்தாள்களில் தலைப்புகளாக எழுந்து மறைந்துவிடுகின்றன. அவை மறைவதில்லை, எளியவர்களின் தாங்கிகளின் அடியிலே படிந்து கிடக்கின்றன. கடல் எழும்பும்போது அவையும் எழும்புகின்றன.

அடுத்த இரண்டு நாட்களும் துப்புரவு வேலை நடந்தது. தாங்கியின் உட்புறம் சுரண்டித் துடைக்கப்பட்டது. புகைப்பவர்கள் அப்பால் அனுப்பப்பட்டனர். விளக்குக்குப் பதிலாகக் கைமின்சூள் பயன்பட்டது. உறிஞ்சு குழாயின் வலை துலக்கப்பட்டது. பழைய றப்பர்க் குழாய் முழுவதும் மாற்றப்பட்டது. வடிகட்டிகள் இரண்டும் புதியன. எல்லாச் செலவும் கூட்டினால் பட்டறை சொன்ன தொகையில் பத்திலொன்றும் ஆகவில்லை.

இறுதியில் குழாய்களினுள் புகுந்த வளியை வெளியேற்றும் வேலை எஞ்சியது. அதனைப் பெரியவர் மகனிடம் விட்டார். நுண்வடிகட்டியின் தலையிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, ஊட்டற் பம்பியின் கைநெம்பை மேலும் கீழும் அசைக்கவேண்டும். நெம்பு இழுவையின்றித் தளர்ந்து கிடந்தது. “எஞ்சினைக் கொஞ்சம் சுத்திவிடு மோனை, கொத்து ஏறி நிக்குது” என்றார் பெரியவர். இயந்திரத்தைச் சிறிது சுற்றியதும் நெம்புக்கு உயிர் வந்தது. திருகின் ஓரத்தில் முதலில் நுரை வந்தது; பிறகு குமிழிகள்; பிறகு குமிழியற்ற தெளிந்த எண்ணெய். திருகை இறுக்கினான். அடுத்து அமுக்கப் பம்பியின் திருகு. ஈற்றில் நொசில் குழாய்களின் சுரைகளைச் சற்றுத் தளர்த்தி இயந்திரத்தைச் சுழற்றவேண்டும். அவன் விரலால் தொட்டுப்பார்க்க முனைந்தபோது பெரியவர் கையைத் தட்டிவிட்டார். நொசிலிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லவல்லது. புறத்தே சிறு புள்ளியாகத் தோன்றும் அக்காயத்தால் விரலையே இழந்தோர் உளர். சீலையொன்றை மறைத்துப் பிடிக்கச் சொன்னார். சுரைகள் இறுக்கப்பட்டன. இயந்திரம் ஒருமுறை தடுமாறி, மறுமுறை பற்றி, வெண்புகை தள்ளி, தெளிந்தது.

அன்று மாலை எழும்பிய கடலிலே படகு சென்று மீண்டது.

இதனை ஒரு மெக்கானிக்கின் திறமைக் கதையென்று மட்டும் கொள்வது பொருந்தாது. பல்கலைக்கழக மண்டபங்களில் ஆய்வுமுறை பற்றிப் பேசப்படுவன யாவும் அப்படகின் வயிற்றினுள் நிகழ்ந்தன. முதலில் வினா, பின் ஒழுங்கான கழிப்பு, ஐயத்துக்குரியவற்றை இரண்டாகப் பிரித்தல், நோய் வெளிப்படும் சூழலை மீளவும் உண்டாக்கல், அறிகுறியைக் காரணமெனக் கொள்ளாமை. கடல் அமைதியாயிருந்ததை நொசிலின் வெற்றியெனக் கருதிய பிழை நம்முடைய சரித்திர நூல்களிலும் விமரிசனக் கட்டுரைகளிலும் காணப்படாத பிழையன்று. விலையுயர்ந்த பகுதியின்மீதே முதலில் பழி சுமத்தும் பழக்கமும் பட்டறைகளுக்கு மட்டும் உரியதன்று. நோயையும் அதன் முதலையும் வேறுபடுத்தி நோக்குக என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துவதை மனப்பாடமாகச் சொல்வோர் பலர். வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதனைச் சாட்சியென உணர்வோர் சிலரே.

ஆயினும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதுவதும் உண்மையாகாது. புறப்படும்போது பெரியவர் கூறிய அறிவுரை ஒன்றே ஒன்று: “கரைக்கு வந்தவுடனை தாங்கியை நிரப்பி வையுங்கோ. வெறும் தாங்கிதான் தண்ணி குடிக்கும்.” சம்மாட்டியார் தலையசைத்தார். நிரப்புவதற்கான பணம் அவரிடம் இல்லை என்பதைப் பெரியவரும் அறிவார். முதலாளியின் முற்பணம் தீரும்வரை தாங்கி அரைவாசியிலேயே நிற்கும். இரவுதோறும் அதன் சுவர்கள் வியர்க்கும். அடியில் நீர் சேரும்.

அதனால் மகன் ஒரு வழக்கத்தை மேற்கொண்டான். படகு புறப்படுமுன் நாள்தோறும் அதிகாலையில் நீர்க் கிண்ணத்தின் திருகைத் திறந்து, பெரியவர் விட்டுச்சென்ற அதே கண்ணாடிப் போத்தலிற் சிறிது பிடிப்பான். கிழக்கு வெளுக்கும் திசையில் அதனை உயர்த்தி, நீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட கோடு எங்கே நிற்கின்றது என்று பார்ப்பான். கோடு தாழ்ந்திருந்தால் தகப்பனைப் பார்த்துத் தலையசைப்பான். உயர்ந்திருந்தால் கோடு மறையும்வரை வடிப்பான். பிறகுதான் கயிறு அவிழ்க்கப்படும்.